பழைய கிரப்பும் புதிய பேரேடும்

கணினியை ஆன் செய்தால் லினக்ஸ் வருகிறது. இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். கொஞ்சம் யோசித்தால் தலை சுற்றும். ஹார்ட் டிஸ்கில் இருக்கும் கோப்புகளைப் படிக்கத் தெரிந்தது கெர்னல். அந்தக் கெர்னலே ஹார்ட் டிஸ்கில் ஒரு கோப்பாகத்தான் கிடக்கிறது. அப்படியானால் கெர்னலை யார் படிப்பது? பீரோ சாவியை பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான்.

இதற்காகவே வாசலில் ஒரு ஆள் நிற்கிறான். பூட்லோடர் என்று பெயர். லினக்ஸ் உலகில் ரொம்ப நாள் அந்த வேலையைப் பார்த்தது லிலோ. அதற்குக் கோப்பு, அடைவு எதுவும் தெரியாது. "கெர்னல் டிஸ்கில் இந்த இந்த இடத்தில் இருக்கிறது" என்று ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கெர்னலை மாற்றிவிட்டு லிலோவை மறுபடி ஓட்ட மறந்தால் போச்சு. பிறகு வந்தது கிரப். எரிக் போலின் என்பவர் 1995ல் தொடங்கியது, 1999ல் குனு திட்டத்துக்குள் வந்தது. கிரப்புக்குக் கோப்பு முறைமை படிக்கத் தெரியும். பெயரைச் சொன்னால் போதும், அதுவே தேடி எடுத்துக்கொள்ளும்.

படிக்கத் தெரியும் என்பதுதான் அதன் பலம். எந்த எழுத்தைப் படிக்கத் தெரியும் என்பதில்தான் வம்பே.

டிஸ்கின் முதல் செக்டர் 512 பைட். அதில் பார்ட்டிஷன் பட்டியலுக்கு 64, முத்திரைக்கு 2 போனால் நிரலுக்கு மிச்சம் 446 பைட். ஒரு எஸ்எம்எஸ் நான்கு சேர்த்தால் அதைவிடப் பெரிசு! அதற்குள் எந்தக் கோப்பு முறைமையையும் திணிக்க முடியாது. அதனால் பழைய கிரப் மூன்று ஆட்களாகப் பிரிந்து நின்றது. முதல் செக்டரில் ஸ்டேஜ் 1. அதற்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவே சும்மா கிடக்கும் 62 செக்டர்களில், அதாவது சுமார் 31 கேபிக்குள், ஸ்டேஜ் 1.5. இதற்குத்தான் கோப்பு முறைமை படிக்கத் தெரியும். அது போய் எடுத்து வருவது ஸ்டேஜ் 2. மெனு காட்டுவதும் கெர்னலை ஏற்றுவதும் ஸ்டேஜ் 2வின் வேலை.

இனி கோப்பு முறைமை. வணிகவியல் படிப்பவர்களுக்கு இது கணினி ஆட்களைவிடச் சீக்கிரம் புரியும் :-) எக்ஸ்ட்-2 வந்தது 1993ல். அதில் வெறும் பேரேடு மட்டும்தான். நடுவில் கரண்ட் போனால் எந்தக் கணக்கு பாதியில் நின்றது என்று தெரியாது, முழுப் பேரேட்டையும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். 2001 நவம்பரில் கெர்னல் 2.4.15ல் சேர்ந்த எக்ஸ்ட்-3 அதனுடன் ஒரு குறிப்பேட்டைச் சேர்த்தது. மளிகைக் கடைக்காரர் முதலில் சிட்டையில் எழுதிவிட்டு ராத்திரி பேரேட்டுக்கு மாற்றுவாரே, அதே வேலை. கரண்ட் போனாலும் சிட்டையைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆங்கிலத்திலும் இதற்கு ஜர்னல் என்றுதான் பெயர். கணக்குப் பதிவியல் புத்தகத்தில் வரும் அதே ஜர்னல்.

எக்ஸ்ட்-4 மாற்றியது சிட்டையை அல்ல, பேரேடு எழுதும் விதத்தை. ஒரு கோப்பு டிஸ்கின் எந்தெந்தக் கட்டங்களில் இருக்கிறது என்பதை எக்ஸ்ட்-3 ஒவ்வொரு எண்ணாக எழுதும். 3 எம்பி கெர்னல் என்றால் 4 கேபி கட்டங்களில் 768 எண்கள். முதல் 12 எண்களுக்கு மட்டும் கையோடு இடம் இருக்கும், மிச்சத்துக்கு "அந்தப் பக்கம் பார்க்க" என்று வேறு கட்டத்துக்கு அனுப்பும். எக்ஸ்ட்-4 ஒரே வரியில் முடித்துவிடும்: இந்த எண்ணில் தொடங்கி 768 கட்டங்கள். எக்ஸ்டென்ட் என்பது இதுதான். பெரிய கோப்புகளுக்கு வேகம். ஒரு கோப்பின் அதிகபட்ச அளவும் 2 டிபியிலிருந்து 16 டிபிக்குப் போனது. கோளாறு சரிபார்க்கும் நேரமும் வெகுவாகக் குறைந்தது. 2006ல் கெர்னல் 2.6.19ல் சோதனைக்காக நுழைந்து, 2008 டிசம்பர் கடைசியில் வந்த 2.6.28ல் "இனி நம்பிப் பயன்படுத்தலாம்" என்ற நிலைக்கு வந்தது.

ஆனால் வாசல்காரன்? பழைய கிரப்பின் கடைசி வெளியீடான 0.97 வந்தது 2005ல். அதற்குப் பிறகு அதில் புதிதாக எதுவும் சேர்ப்பதில்லை என்று அதை எழுதியவர்கள் கிரப் 2வை எழுதப் போய்விட்டார்கள். அது வேலை முடியாமல் இருந்தது. பழையதை விட்டாயிற்று, புதியது வரவில்லை. இந்த இடைவெளியில்தான் எக்ஸ்ட்-4 வந்து இறங்கியது.

அந்த நாட்களில் என்ன நடந்திருக்கும் என்பதை ஒருவனை வைத்துச் சொன்னால் எளிது. கற்பனை ஆள்தான். ஆனால் அவனுக்கு நடப்பதெல்லாம் அன்று பலருக்கு நடக்கக்கூடியதாக இருந்தவை.

பி.காம் கடைசி வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் ஒரே கணினி, 80 ஜிபி டிஸ்க். அப்பாவுக்குப் பெயிண்ட் கடை. அப்பா இன்னமும் சிட்டையில்தான் எழுதுவார். ஆனால் வருடக் கணக்கை மகன் ஓப்பன் ஆபீஸில் ஏற்றிவிடுவான், ஆடிட்டரிடம் அந்தக் கோப்புதான் போகும். ஊரில் மின்வெட்டு. முப்பது சொச்சம் தடவை ஆன் செய்தால் எக்ஸ்ட்-3 ஒருமுறை முழு டிஸ்கையும் சரிபார்க்கிறேன் என்று உட்கார்ந்துவிடும், அது முடிவதற்குள் மறுபடி கரண்ட் போய்விடும். எக்ஸ்ட்-4ல் இந்தச் சோதனை சட்டென்று முடியும் என்று எங்கோ படிக்கிறான். 2009 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையில் இறங்குகிறான்.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. சிடியில் பூட் செய்து, டியூன்2எஃப்எஸ் கட்டளையில் எக்ஸ்டென்ட்ஸ் உட்பட மூன்று சொற்களைக் கொடுத்து, ஒரு முறை சரிபார்த்து, எஃப்எஸ்டேப் கோப்பில் 3 என்பதை 4 ஆக்கிவிட்டு ரீபூட். கிரப் மெனு வருகிறது, லினக்ஸ் வருகிறது. மவுண்ட் என்று அடித்தால் எக்ஸ்ட்-4 என்று காட்டுகிறது. அவ்வளவுதானா! வகுப்பில் இரண்டு பேரிடம் பெருமை வேறு.

இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத விஷயம் நடந்திருக்கிறது. இந்த மாற்றம் ஏற்கெனவே உள்ள கோப்புகளைத் தொடாது. இனிமேல் எழுதப்படும் கோப்புகள்தான் புது முறையில் எழுதப்படும். பேரேட்டின் அட்டையில் "புதிய முறை" என்று முத்திரை குத்தியாயிற்று, உள்ளே பழைய பக்கங்கள் எல்லாம் பழைய எழுத்தில்தான். கெர்னல் பழைய பக்கம். கிரப்பின் ஸ்டேஜ் 2வும் பழைய பக்கம். வாசல்காரன் அட்டையைப் பார்ப்பதில்லை, தனக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் புரட்டுகிறான். அவனுக்குத் தெரிந்த எழுத்தாக இருக்கிறது. அதனால் கதவு திறக்கிறது.

மூன்று வாரம் எல்லாம் சுகம்.

மார்ச் கடைசி வாரம். 31ஆம் தேதி கணக்கு முடிக்க வேண்டும். அப்பா கடையிலிருந்து பில் கட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறார். முதல் நாள் ராத்திரி வழக்கமான அப்டேட் ஓடியிருக்கிறது, அதில் புதிய கெர்னலும் ஒன்று. காலையில் ஆன் செய்தால் மெனு வருகிறது. முதல் வரியைத் தேர்ந்தெடுத்தால்:

எரர் 13. செல்லாத, அல்லது ஆதரிக்கப்படாத இயங்கு கோப்பு வடிவம்.

புதிய கெர்னல் புதிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. "இந்த எண்ணில் தொடங்கி இத்தனை" என்ற வரியை வாசல்காரன் தனித்தனிப் பக்க எண்கள் என்று நினைத்துப் படிக்கிறான். அந்த வரியின் தலைப்பைக்கூட ஒரு பக்க எண் என்று எடுத்துக்கொண்டு, டிஸ்கில் சம்பந்தமே இல்லாத ஏதோ கட்டத்தை இழுத்து வருகிறான். அது கெர்னல் மாதிரி இல்லை. "வடிவம் சரியில்லை" என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. தனக்குப் படிக்கத் தெரியவில்லை என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

பையன் மெனுவில் இரண்டாவது வரியை, பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கிறான். சமர்த்தாக வருகிறது. இதிலிருந்து யாராக இருந்தாலும் என்ன முடிவுக்கு வருவார்கள்? புது கெர்னல் கெட்டுப்போயிருக்கிறது, டவுன்லோட் பாதியில் அறுந்திருக்கும். அவனும் அதே முடிவுக்கு வருகிறான். புதியதை நீக்குகிறான். எதற்கும் இருக்கட்டும் என்று பழைய கெர்னலையும் ஒருமுறை சுத்தமாக மறுபடி நிறுவுகிறான். அந்த நல்ல எண்ணம்தான் வினை. அதே கெர்னல், அதே எண், ஆனால் இப்போது புதிதாக எழுதப்பட்ட கோப்பு. புதிய எழுத்து.

ரீபூட். எரர் 13. மெனுவில் இரண்டாவது வரி இல்லை.

"ராத்திரி நீதானேடா உட்கார்ந்து கேம் ஆடினே?" என்று தம்பி மேல் பாய்கிறான்.

"நான் ஒண்ணும் பண்ணலண்ணா."

பாவம், அவன் ஒன்றும் பண்ணவில்லைதான். முந்தின நாள் மாலை உண்மையிலேயே யாரும் எதுவும் செய்யவில்லை. செய்தது மூன்று வாரம் முன்பு. கடையில் இப்படி ஒரு தவறு நடந்தால் சிட்டையைப் பின்னால் புரட்டித் தேதியைப் பிடித்துவிடலாம். இங்கே தவறு செய்த தேதிக்கும் மாட்டிக்கொண்ட தேதிக்கும் நடுவில் இருபது முறை கணினி நன்றாக ஓடியிருக்கிறது. இருபது நல்ல நாட்கள் சாட்சி சொல்லும்போது அந்த ஞாயிற்றுக்கிழமை மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? பக்கத்தில் இருப்பவன் மேல்தான் வரும். இதை எச்சரிக்கையாக எழுதி வைக்காமல் இல்லை. கெர்னல் மாற்றங்களைத் தொகுத்து எழுதும் பக்கம் ஒன்றில் அன்றே இருந்தது: முதல் தடவை நன்றாக பூட் ஆகும், கெர்னல் மேம்படுத்தியதும் ஆகாது என்று. முதல் தடவை நன்றாக பூட் ஆனவன் எதற்கு அதைத் தேடிப் படிக்கப்போகிறான்!

மேசை டிராயரில் ஒரு பழைய லைவ் சிடி இருக்கிறது. போட்டுப் பார்க்கிறான். சிடியிலிருந்து லினக்ஸ் வருகிறது, ஆனால் டிஸ்கைத் திறக்க மாட்டேன் என்கிறது. "ஆதரிக்கப்படாத கூடுதல் அம்சங்கள் (40)" என்று ஒரு வரி. அந்த 40 என்பது எக்ஸ்டென்ட் என்ற அம்சத்தின் குறியீடு. சிடியில் இருக்கும் கெர்னல் பழசு, அதற்கும் புது எழுத்து தெரியாது. ஆனால் கிரப்பைப் போலத் தப்பாகப் படிக்காமல், அட்டையில் உள்ள முத்திரையைப் பார்த்ததுமே "எனக்குத் தெரியாது" என்று விலகிக்கொள்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வது எவ்வளவு பெரிய நாகரிகம்! ஆனால் அந்த நேரத்தில் அந்த வரியைப் படிப்பவனுக்கு அப்படித் தோன்றாது. டிஸ்க் போய்விட்டது என்றுதான் தோன்றும்.

அப்பா எட்டிப் பார்க்கிறார். "கணக்கெல்லாம் எங்கப்பா?"

உள்ளேதான் இருந்தது. ஒரு எழுத்துகூட அழியவில்லை. அந்த மூன்று வாரத்தில் எக்ஸ்ட்-4 பற்றிப் பயப்பட வேண்டிய இன்னொரு காரணம்கூட வெளியே வந்திருந்தது. 2009 ஜனவரியில் சிலருக்குத் திடீரென்று கணினி நின்றபின் சற்றுமுன் சேமித்த கோப்புகள் பூஜ்ய அளவில் கிடந்தன. எழுதுவதைத் தள்ளிப்போட்டு மொத்தமாக எழுதும் புதிய உத்தியின் விளைவு அது. எக்ஸ்ட்-4ஐ முன்னின்று எழுதிய தியோடர் சோ அதற்கு விளக்கமும் ஒட்டும் கொடுத்தார், 2.6.30ல் அது சேர்ந்தது. பையன் அந்தப் பக்கத்திலிருந்து தப்பிவிட்டான். பூட்டும் சாவியும் தகராறு செய்ததே தவிர, பீரோவில் இருந்தது பத்திரமாக இருந்தது. ஆனால் திறக்க முடியாத பீரோவின் முன்னால் அதை யாரிடம் சொல்வது?

2.6.28 கெர்னல் கொண்ட ஒரு புதிய சிடி வேண்டும். 700 எம்பி. 256 கேபிபிஎஸ் இணைப்பில், இடையில் அறுக்காமல் வந்தால், ஆறு மணி நேரத்துக்கு மேல். நண்பன் வீட்டில் இறக்கி எழுதிக்கொண்டு வருவதற்குள் மறுநாள் ஆகிவிடுகிறது. போட்டதும் டிஸ்க் திறக்கிறது. கணக்குக் கோப்பு முதலில் பென்டிரைவுக்குப் போகிறது. அப்பா நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டுக் கடைக்குப் போகிறார்.

இனி வாசல்காரனைச் சமாதானப்படுத்த வேண்டும். எக்ஸ்ட்-4லிருந்து எக்ஸ்டென்ட் இருக்கும்போது எக்ஸ்ட்-3க்குத் திரும்பும் வழி இல்லை. அந்த முத்திரையை அழிக்க முடியாது. இருக்கும் வழி ஒன்றுதான். பூட் அடைவை மட்டும் தனியாக, கிரப்புக்குத் தெரிந்த எழுத்தில் ஒரு சின்னப் பார்ட்டிஷனில் வைப்பது. டிஸ்கில் காலி இடம் இல்லை. ஸ்வாப்புக்கு என்று 1 ஜிபி ஒதுக்கியது இருக்கிறது. அதைப் பலி கொடுக்கிறான். எக்ஸ்ட்-3 ஆக ஃபார்மட் செய்து, பூட் அடைவை அதில் நகலெடுத்து, கிரப் ஷெல்லில் அதைக் காட்டுகிறான். ஐந்தாவது பார்ட்டிஷன் என்றால் பழைய கிரப்பில் 4 என்று கொடுக்க வேண்டும், அது பூஜ்யத்திலிருந்து எண்ணும். (கிரப் 2 பார்ட்டிஷனை ஒன்றிலிருந்தும் டிஸ்கைப் பூஜ்யத்திலிருந்தும் எண்ணுகிறது. இதை யோசித்தவரைப் பார்த்தால் ஒரு காபி வாங்கிக் கொடுத்து விசாரிக்க வேண்டும்.)

இப்போது வருவது எரர் 2. கோப்பின் அல்லது அடைவின் வகை தவறு.

அழுகை வராத குறை. எக்ஸ்ட்-3தானே? பழைய எழுத்துதானே? ஆமாம், ஆனால் எழுதிய பேனா புதுசு. ஃபார்மட் செய்யும் கருவிகள் அதற்குள் மாறிவிட்டன. ஒவ்வொரு கோப்புக்குமான குறிப்பை முன்பு 128 பைட்டில் எழுதியவை இப்போது தாமாகவே 256 பைட் எடுத்துக்கொள்கின்றன. எக்ஸ்ட்-4க்கு வசதியாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. கிரப் 0.97 அது 128 என்று நம்பி அடியெடுத்து வைக்கிறது, இரண்டாவது அடியிலேயே தப்பான வரிசையில் நிற்கிறது. மறுபடி ஃபார்மட், இந்த முறை "ஐநோட் அளவு 128" என்று கையால் சொல்லி. மறுபடி நகல். மறுபடி கிரப்.

ராத்திரி பதினொன்றரைக்கு லினக்ஸ் வருகிறது.

இந்தத் தனிப் பூட் பார்ட்டிஷன் யோசனையைப் பலர் கோழைத்தனம் என்பார்கள். அப்படியில்லை. 2009 ஜூனில் வந்த ஃபெடோரா 11 எக்ஸ்ட்-4ஐ இயல்பானதாக ஆக்கியபோது செய்தது இதைத்தான். பூட்டுக்கு எக்ஸ்ட்-3, மிச்சத்துக்கு எக்ஸ்ட்-4. கிரப்பை ஒட்டுப் போட்டுப் படிக்கச் சொல்லிக் கொடுத்த பிறகுதான் நவம்பரில் ஃபெடோரா 12 பூட்டையும் எக்ஸ்ட்-4க்கு அனுமதித்தது. உபுண்டு வேறு வழியில் போனது. ஏப்ரலில் 9.04ல் எக்ஸ்ட்-4 விருப்பத் தேர்வு, அக்டோபரில் 9.10ல் எக்ஸ்ட்-4, கிரப் 2 இரண்டையும் ஒரே வெளியீட்டில் புதிய நிறுவல்களுக்கு இயல்பாக்கியது. துணிச்சல்தான். ஆனால் பெயிண்ட் கடைக் கணக்கு உள்ள டிஸ்குக்கு ஃபெடோராவின் சலிப்பான முடிவுதான் சரியாகப் படுகிறது. புதியதைக் கொண்டுவருபவர் வாசல்காரனுக்கும் சேர்த்து யோசிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் செலவு மார்ச் 31க்கு இரண்டு நாள் முன்னால் வேறு யாரோ ஒருவர் தலையில் விழுகிறது.

கிரப் 2.00 ஒருவழியாக 2012ல் வந்தது. பிரச்சினை தீர்ந்ததா என்றால், 2023 பிப்ரவரியில் வந்த ஃபார்மட் கருவிகளின் 1.47 பதிப்பு இரண்டு புதிய அம்சங்களை இயல்பாகவே போட ஆரம்பித்தது. அதில் ஒன்று அப்போது புழக்கத்தில் இருந்த கிரப் 2.06க்குத் தெரியாது. தெரியாத கோப்பு முறைமை என்றது. இந்த முறை தப்பாகப் படிக்கவில்லை, அது வரைக்கும் முன்னேற்றம். டெபியன் அந்த இரண்டையும் இயல்பில் அணைத்துவைத்து வெளியிட்டது. அதைப் புரிந்துகொள்ளும் கிரப் 2.12 அந்த டிசம்பரில் வந்தது. இதற்கு நடுவே 2020ல் ஃபெடோரா 33 மேசைக் கணினிகளுக்கு பிடிஆர்எஃப்எஸ்ஸை இயல்பாக்கியபோதும் பூட்டை எக்ஸ்ட்-4லேயே விட்டுவைத்தது. ஒரு காலத்தில் வாசல்காரனை மிரட்டிய அதே எக்ஸ்ட்-4 இப்போது வாசலுக்கான பழைய, நம்பகமான எழுத்து! யூஇஎஃப்ஐ கணினிகளிலோ முதல் வாசல் இன்னும் பழையது, 1977ல் பிறந்த ஃபேட் குடும்பம்தான்.

பையனின் 80 ஜிபி டிஸ்கில் ஸ்வாப் மறுபடி வரவே இல்லை. மெமரி போதாமல் ஓப்பன் ஆபீஸ் அவ்வப்போது மூச்சு வாங்கும், பொறுத்துக்கொண்டான். அப்பா கணக்குக் கோப்பை மாதம் ஒருமுறை பிரிண்ட் எடுத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார். தம்பியிடம் மன்னிப்பு கேட்டானா என்றால், அண்ணன்கள் எங்கே கேட்கிறார்கள்? கிரப் மெனுவில் முதல் வரியை மாற்றி, தம்பியின் கேம் இருக்கும் விண்டோஸ் தானாக வரும்படி வைத்தான். தம்பி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.